சடைநாய்க்கு ஒரு தோம்பு

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் மாலைப்பொழுதில் நடந்து செல்பவர் எவரும், ஒரு காலத்தில் கிடுகு வேலியாயிருந்து இப்போது சீமெந்து மதிலாகிவிட்ட எல்லைகளின் மறுபுறத்திலிருந்து, ஊர்நாயின் அடித்தொண்டைக் குரைப்பினின்றும் எளிதிற் பிரித்தறியத்தக்க, கூர்மையும் விடாப்பிடியும் கொண்ட ஒரு குரைப்பொலியைக் கேட்டிருப்பார். இரும்புப் படலையின் இடுக்கால் எட்டிப் பார்த்தால், வெண்ணிறச் சடையும் நரியின் முகச்சாயலும் முதுகின்மேற் சுருண்டு கிடக்கும் வாலும் உடைய சிறிய பிராணியொன்று, தன் உருவத்துக்குச் சிறிதும் பொருந்தாத அதிகார தோரணையோடு, வந்தவர் யார் என்று விசாரித்துக்கொண்டு நிற்கும். ஊரார் இதனைச் சடைநாய் என்பர். சற்றே நாகரிகமாகப் பேச விரும்புவோர் பொமரேனியன் என்பர். இவ்விரண்டனுள் ஊரார் இட்ட பெயரே உண்மைக்கு நெருங்கியது என்பது என் அபிப்பிராயம்.

பொமரேனியன் என்று கெனல் கழகங்கள் இன்று அங்கீகரிப்பது, மூன்று முதல் ஏழு இறாத்தல் வரை நிறையுள்ள, மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கென்றே குறுக்கப்பட்ட ஒரு பொம்மை உரு. நம் வீட்டு முற்றங்களில் ஓடித்திரிவதோ பெரும்பாலும் பன்னிரண்டு, பதினைந்து இறாத்தல் நிறையும், நீண்ட மூஞ்சியும், வெயிலிலும் மழையிலும் உழன்று பழகிய தேகமும் உடையது. இந்தியாவில் இதன் உடன்பிறப்புகளை ‘இந்தியன் ஸ்பிற்ஸ்’ என்ற பெயரால் ஒரு தனியினமாகக் கணிக்கிறார்கள். பிரித்தானியர் தம் பங்களாக்களின் துணைக்கெனக் கொண்டுவந்த ஜேர்மன் ஸ்பிற்ஸ் நாய்களிலிருந்து, உஷ்ணப் பிரதேசத்தின் வாழ்வுக்கு இணங்கிப் பெருகிய சந்ததி அது. இனங்களின் ஆயுளை நூற்றாண்டுகளால் அளப்பவர்களுக்கு இது இன்னும் பால்குடி மறவாத குழந்தை. குழந்தையின் எதிர்காலத்தைப் பற்றி யோசிப்பதற்கு அதன் பிறந்தகத்தைச் சிறிது அறிந்திருப்பது பிரயோசனமானது.

பால்டிக் கடலின் தென்கரையில், இன்று ஜேர்மனியும் போலந்தும் பங்கிட்டுக்கொண்டிருக்கும் பொமரேனியாப் பிரதேசத்திலும் அதன் அயலிலும், கமக்காரரின் முற்றத்தையும் வண்டிக்காரரின் சரக்கையும் காத்து நின்ற கூர்ங்காது நாய்களே ஸ்பிற்ஸ் என்னும் வமிசத்தார். எருக்குவியலின் உச்சியில் ஏறி நின்று வருவோர் போவோர் அனைவரையும் குரைத்ததனால், ஜேர்மானியக் குடியானவர் இதற்கு ‘எருமேட்டுக் குரைப்பான்’ என்று பொருள்படும் ஒரு பட்டத்தையும் சூட்டியிருந்தனர். நம் அயலவர் இன்று செய்யும் முறைப்பாடு ஆகவே மிகவும் பழையது. 1761இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னனை மணந்து இங்கிலாந்துக்கு வந்த சார்லொற் இராணி தன் பிறந்தகத்துப் பக்கத்து நாய்களை அரண்மனைக்கு வரவழைத்தாள். அக்காலத்து ஓவியரான கெயின்ஸ்பரோ தீட்டிய பொமரேனியப் பெட்டையும் குட்டியும் இன்றும் இலண்டனிற் காணக்கிடைக்கின்றன. அவ்வோவியத்தில் நிற்பது மடிநாயன்று, ஆட்டுமந்தையோடு அனுப்பத்தக்க நாய். விக்டோரியா மகாராணி 1888இல் புளோரன்ஸ் நகரிலிருந்து கொண்டுவந்த ‘மார்க்கோ’ பன்னிரண்டு இறாத்தல்தான் இருந்தது. அரசி எதை மடியில் வைத்தாளோ அதையே பிரபுக்களின் மனைவியரும் விரும்பினர். அவர்கள் விரும்பியதை வளர்ப்போர் உற்பத்தி செய்தனர். அரசியின் ஆயுட்காலம் முடிவதற்குள் அந்த இனம் ஏறத்தாழப் பாதியாகக் குறுகிவிட்டது.

இத்தனை விரைவாக ஓர் உடம்பைக் குறுக்குவது எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதற்கான விளக்கம் 2007இலேதான் கிடைத்தது. நாய்களின் பருமனை நிர்ணயிக்கும் ஏதுக்களுள் தலையாயது வளர்ச்சிச் சுரப்போடு சம்பந்தப்பட்ட ஒரே ஒரு மரபணு என்றும், சிறிய இனங்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதன் ஒரே வடிவமே காணப்படுகின்றது என்றும் அவ்வாண்டு நிறுவப்பட்டது. பின்னர், 2022இல், ஐம்பத்து நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓர் ஓநாயின் எச்சத்திலும் அதே சிறுமை வடிவம் இருந்தது கண்டறியப்பட்டது. மனிதன் சிறுமையை ஆக்கவில்லை. ஓநாயின் உள்ளே ஒளிந்து கிடந்ததைத் தேடிப் பொறுக்கினான். பொறுக்குகின்ற கை எதைத் தேடுகிறது என்பதிலேயே ஓர் இனத்தின் தலைவிதி தங்கியிருக்கிறது.

ஒரே கொடிவழியில் வந்த வெள்ளை ஸ்பிற்ஸ் நாய்கள் மூன்று தேசங்களில் மூன்று விதமான விதியை அடைந்ததை நோக்கினால் இது நன்கு விளங்கும். யப்பானியர் 1921இல் தோக்கியோக் கண்காட்சியொன்றில் தம் வெள்ளை ஸ்பிற்ஸை முதன்முதலாகக் காட்டி, 1936 வரையில் கனடா, அவுஸ்திரேலியா, சீனா முதலிய தேசங்களிலிருந்து வெள்ளை நாய்களை வருவித்துக் கலந்து, இரண்டாம் உலக யுத்தத்தின் பின் 1948இல் அதற்குரிய லட்சணங்களை ஒரே விதியாக வகுத்து ஏட்டில் எழுதி முடித்தனர். அமெரிக்காவுக்குக் குடியேறிய ஜேர்மானியரோடு சென்ற நாய்க்கு முதலாம் உலக யுத்தத்தின்போது ஜேர்மன் என்ற அடைமொழியே பகையாகிவிட்டமையால், எஸ்கிமோவருக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாதிருந்தும், ‘அமெரிக்கன் எஸ்கிமோ’ என்று ஞானஸ்நானம் செய்துவைத்தார்கள். சர்க்கஸ் கூடாரங்களில் வித்தை காட்டிப் பெயர்பெற்ற அந்நாயை அமெரிக்கக் கெனல் கழகம் 1990களின் நடுப்பகுதியிலேதான் தன் பட்டியலிற் சேர்த்தது. மூன்றாவது தேசம் நமது உபகண்டம். இங்கே கழகமும் விதியும் பின்தங்க, வீடுகள் முந்திக்கொண்டன. 1980களிலும் 1990களிலும் வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வது இந்தியாவில் எளிதாக இராதபோது கைக்கெட்டிய சாதி நாயாக ஸ்பிற்ஸ் வீடுவீடாகப் பெருகிற்று. 1994இல் வெளிவந்த ‘ஹம் ஆப்கே ஹேன் கோன்’ என்ற இந்திப் படத்தில் வெள்ளை ஸ்பிற்ஸ் ஒன்று ஏறக்குறைய ஒரு கதாபாத்திரமாகவே நடித்து அதன் கீர்த்தியைப் பரப்பிற்று. சில ஆண்டுகளின் பின் ஒரு கைத்தொலைபேசி விளம்பரத்திற் சிறுவனைத் தொடர்ந்து சென்ற பக் நாய் அக்கீர்த்தியைக் கவர்ந்துகொண்டது. அந்தப் படம் வெளிவந்த காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றிச் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டுக்கொண்டிருந்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

நம் பக்கத்துக் கதை வேலியிலிருந்து தொடங்குகிறது. கதியாலும் கிடுகும் பனையோலையுமாக அடைக்கப்பட்ட பழைய வேலிகளில், நாய்களும் கோழிகளும் சில சமயங்களில் பிள்ளைகளும் போய்வருவதற்கென்று ஒரு பொட்டு இருந்தே தீரும். வளவுக்காரர் அதை எத்தனை முறை அடைத்தாலும் நாய் அத்தனை முறை பிரித்துவிடும். அந்தப் பொட்டின் வழியே வந்துபோன ஊர்க்கடுவனே குடாநாட்டு நாய்களின் வமிச சரித்திரத்தை எழுதியவன். வீட்டுக்காரர் கொழும்பிலிருந்து ஆசையோடு கொண்டுவந்த சடைப்பெட்டை ஈன்ற குட்டிகள் கட்டை மயிரும் கபில நிறமுமாகப் பிறந்தபோது, ‘சடை விட்டுப்போச்சு’ என்று அவர்கள் மனம் சலித்தார்கள். உண்மையிலே சடை விட்டுப்போகவில்லை. நீண்ட மயிரைத் தரும் மரபணு பின்னிடைவானது. கட்டை மயிரின் மரபணு ஆட்சியானது. ஆகவே முதற் சந்ததியிற் சடை மறைந்திருக்குமேயன்றி அழிந்திராது. அத்தகைய கலப்புக் குட்டிகள் இரண்டைப் பின்னர் இணைத்தால் நான்கில் ஒன்று மீண்டும் சடையோடு பிறக்கும் என்பது கணக்கு. வெண்மைக்குக் காரணமான பிரதான மரபணுவும் பின்னிடைவானதே. ஆதலால் சடையும் வெண்மையும் ஒருங்கே வாய்ப்பதற்குப் பதினாறில் ஒன்று என்ற அளவிலோ அதனினும் குறைவாகவோதான் வாய்ப்புண்டு. பாட்டியின் முகம் பேத்தியில் தோன்றுவதைப் பார்த்து வியக்கும் நம் கிழவிகளுக்கு இந்தக் கணக்கு மரபியலாளர் மெண்டலின் பெயரில்லாமலே தெரிந்திருந்தது.

உள்நாட்டு யுத்தம் இந்த ஒழுங்கீனமான ஒழுங்கையும் குலைத்தது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்துச் சனங்கள் மழையிலே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்து நடந்தபோது, வீட்டு நாய்களின் கட்டை அவிழ்த்துவிடுவதே பலரால் இயன்ற கடைசித் தருமமாயிருந்தது. சிறிது தூரம் பின்தொடர்ந்து திரும்பியவையும், வெறும் வீட்டின் வாசற்படியிற் கிடந்து மெலிந்தவையும், தமக்குள்ளே கூடிப் பெருகியவையும் ஆகிய அந்நாய்களுள் சடையும் சாதியும் பார்ப்பதற்கு மனிதர் எவரும் இருக்கவில்லை. பட்டினியும் தொற்றுநோயும் மட்டுமே தெரிவு செய்தன; குடாநாட்டில் இன்று காணப்படும் ஊர்நாயின் உரத்த தேகம் அத்தகைய பரீட்சைகளிற் தேறியது. 2009இன் பின்னர் ஏ9 வீதி திறந்து, 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை வந்தடைந்த காலத்தில், கடதாசிப் பெட்டியில் துளையிட்டுக் கொண்டுவரப்பட்ட வெள்ளைக் குட்டிகளும் வந்து சேர்ந்தன. அதே காலத்தில், புலம்பெயர்ந்த பிள்ளைகளின் பணத்தால், வேலிகள் மதில்களாயின. பொட்டு அடைபட்டது. இந்தச் சிறிய கட்டட மாற்றம், நாயின வளர்ப்பைப் பொறுத்தவரையில் ஒரு புரட்சிக்குச் சமானம் என்பதை இதுவரையில் எவரும் கவனித்ததாகத் தோன்றவில்லை. எந்தப் பெட்டை எந்தக் கடுவனோடு கூடியது என்பது, குடாநாட்டின் சரித்திரத்தில் முதற்றடவையாக, வீட்டுக்காரர் அறியக்கூடிய விஷயமாயிற்று.

மதில் வேறொரு மாற்றத்தின் அடையாளமுமாகும். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் இருக்க, எட்டு அறை கொண்ட வீட்டில் தாயும் தகப்பனும், பின்னர் அவர்களுள் ஒருவர் மட்டும், எஞ்சியிருக்கும் இல்லங்கள் இன்று எந்த ஒழுங்கையிலும் உண்டு. அந்த இல்லங்களிற் சடைநாய் செய்யும் உத்தியோகம் இரண்டு. இரவில் மதிலருகே அசைந்த காலடியை அறிவித்தல் ஒன்று. பகல் முழுவதும் பேச்சுக் கொடுக்க ஓர் உயிராக இருத்தல் மற்றது. ஓர் இனத்துக்கு எதிர்காலம் என்று ஒன்றை நியமிப்பதானால் அதன் உத்தியோகத்திலிருந்தே தொடங்கவேண்டும். கண்காட்சி மேடையிலிருந்து தொடங்கியவர்கள் அநேகர் கெட்டிருக்கிறார்கள். எழுபது வயதான ஒருத்தி கிணற்றடிக்குத் தூக்கிச் சென்று குளிப்பாட்டக்கூடிய நிறை, காய்ச்சலுற்றால் ஒரு முச்சக்கர வண்டியில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோகக்கூடிய பருமன், சத்திரசிகிச்சை வேண்டாது ஈனும் இடுப்பு, காண்டாவன வெயிலில் நடுப்பகலிற் திண்ணையிற் படுத்து மூச்சு வாங்காமற் கிடக்கும் வலு, தபாற்காரரைக் குரைத்தாலும் கடியாத சுபாவம்: இத்தனையும் அந்த உத்தியோகத்துக்கு வேண்டிய தகைமைகள். அடர்ந்த வெண்மையும் சுருண்ட வாலும் இருந்தால் நல்லது. இல்லாவிடினும் உத்தியோகம் நடக்கும்.

சுபாவத்தைத் தெரிவு செய்து வளர்க்க முடியுமா என்று சந்தேகிப்பவர்கள் இருக்கலாம். 1959 முதல் நோவோசிபிர்ஸ்க் நகரத்திலே பெலியாயெவ் என்னும் ருஷ்ய விஞ்ஞானி, மயிருக்காக வளர்க்கப்பட்ட வெள்ளி நரிகளுள் மனிதனைக் கண்டு மிகக் குறைவாக அஞ்சியவற்றை மட்டும் தலைமுறை தலைமுறையாக இணைத்து வந்தார்; அவருக்குப் பின் லுத்மிலா துருத் என்ற பெண்மணி அப்பணியைத் தொடர்ந்தார். சில தலைமுறைகளுள் நரிக்குட்டிகள் வாலை ஆட்டத் தொடங்கின. நரியிற் சாத்தியமானது, ஆயிரமாயிரம் ஆண்டுகள் மனிதனோடு வாழ்ந்துவிட்ட நாயிற் சாத்தியமாகாது என்பதற்கு நியாயமில்லை. ஆனால் அதற்கு, எந்தக் குட்டி யாருடையது, அதன் தாய் எப்படிப்பட்டவள் என்று எழுதிவைத்த ஏடு ஒன்று வேண்டும். நம்மிடம் இல்லாதது அதுதான்.

இவ்விடத்தில் ‘சாதி நாய்’ என்ற நம் வழக்கைச் சிறிது ஆராயலாம். நல்ல சாதி நாய் என்று சொல்லும்போது சொல்பவர் மனத்தில் இருப்பது தூய இரத்தம் என்ற எண்ணமே. மனிதரிடத்தில் அச்சொல் இந்த மண்ணிற் செய்த அநியாயங்களை அறிந்தவர்கள், அதே எண்ணத்தை நாயிடத்திற் கண்டு நம்பிவிடலாகாது. நாயினம் என்பது ஒரு வாக்குறுதி. இந்தப் பெட்டையின் குட்டி வளர்ந்தால் ஏறக்குறைய இந்தப் பருமனும் இந்தக் குணமும் உடையதாயிருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லக்கூடிய நிலைமை. தூய்மையை அளவுக்கு மீறி இறுக்கினால் அவ்வாக்குறுதியே பொய்த்துவிடுகிறது. இதற்கு நம் சமூகத்துக்குப் பழக்கமான ஒரு கணக்கே உண்டு. மச்சானும் மச்சாளும் மணந்தால் அவர்களுடைய பிள்ளை, ஒரே மூதாதையின் அதே மரபணுவை இருபக்கத்தாலும் பெறுவதற்குரிய வாய்ப்பு நூற்றுக்கு 6.25, தகப்பன் ஒருவனாகவோ தாய் ஒருத்தியாகவோ உள்ள அரைச் சகோதரரிடையே 12.5; உடன்பிறந்தாரிடையேயும் தாய் மகனிடையேயும் 25. கலியாணத்துக்குக் குறிப்புப் பார்த்துப் பொருத்தம் எண்ணும் நாம், அயற்கிராமம் ஒன்றில் ஒரே வெள்ளைக் கடுவன் இருக்கிறதென்று கேள்விப்பட்டால், அது நம் பெட்டையின் தமையனா தகப்பனா என்று விசாரியாமலே கொண்டுபோய் விடுகிறோம்.

நாய் வளர்ப்பிற் கீர்த்திபெற்ற தேசங்கள் இந்தத் தவற்றை ஏடு வைத்துக்கொண்டே செய்தன என்பது கவனிக்கத்தக்கது. கவலியர் கிங் சாள்ஸ் என்ற துணைநாயின் சரித்திரம் நமக்கு மிகவும் நெருங்கிய பாடம். பழைய ஓவியங்களிற் கண்ட நீண்ட மூஞ்சி நாயை மீட்பதற்கென்று எல்ட்றிஜ் என்னும் அமெரிக்கர் 1920களில் இலண்டனிற் பரிசு அறிவிக்க, ‘ஆன்ஸ் சன்’ என்ற ஒரு கடுவனை மாதிரியாக வைத்து 1928இல் லட்சணம் வகுத்தார்கள். 1945இல் அங்கீகாரம் கிடைத்தது. சில நாய்களிலிருந்து பெருகிய அந்த அன்பான, அழகான இனத்தில் இன்று இருதய வால்வு நோய் மிகச் சாதாரணம்; மூளைக்குப் போதாத மண்டையோட்டினால் முதுகுத்தண்டில் நீர்க்குழிகள் தோன்றும் வேதனையும் உண்டு. 2022இல் ஒஸ்லோ நீதிமன்றம், நோர்வேயில் அவ்வினத்தை அதன் இப்போதைய நிலையில் இனவிருத்தி செய்வது மிருக நலச் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. ஒரு துணைநாய் இனம் பிறந்து நீதிமன்றக் கூண்டில் ஏறுவதற்கு நூறு ஆண்டுகூடச் செல்லவில்லை. அதே நோர்வேயில், கடற்பறவை வேட்டைக்குரிய லுண்டெஹுண்ட் என்ற இனம் நோயினால் ஆறே நாய்களாகக் குறைந்து, பின் அவற்றிலிருந்து மீண்டது. மீண்டவற்றிற் குடல்நோய் குடிகொண்டமையால், இப்போது வேறு வடதேச இனங்களோடு கலந்து அதை மீட்க முயல்கின்றனர்.

கலப்பு என்றதும் முகம் சுளிப்பவர்கள் டல்மேஷியன் நாயின் கதையைக் கேட்கவேண்டும். புள்ளிகளால் உலகெங்கும் அறியப்பட்ட அவ்வினத்தில் ஒவ்வொன்றும் யூரிக் அமிலத்தைச் சரிவரச் சிதைக்க இயலாத குறையோடு பிறந்தது; பல மூத்திரக் கல்லால் வருந்தின. 1973இல் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியலாளர் ஒரே ஒரு பொயின்ரர் நாயைக் கலந்து, அதன் சந்ததியைத் தலைமுறைதோறும் டல்மேஷியனோடே மீண்டும் மீண்டும் இணைத்து அக்குறையை நீக்கிக் காட்டினார். பார்வைக்கு வேறுபாடே தெரியாத அந்நாய்களை அமெரிக்கக் கெனல் கழகம் தன் ஏட்டில் ஏற்பதற்கு 2011 வரை காலங்கழித்தது. கதவைப் பூட்டித் திறவுகோலை எங்கோ வைத்துவிட்டுத் தேடியவர்களின் கதை இது. நம்மிடம் இன்னும் கதவே இல்லை. ஒருவகையிற் பார்த்தால் அது நம்முடைய பாக்கியம்.

பூட்டிய கதவுக்கு உதாரணம் நம் அருகிலேயே உண்டு. நெடுந்தீவிலே போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுச்சென்ற குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் கட்டாக்காலிகளாகத் திரிகின்றன. கடலே அவற்றின் மதில். புதிய இரத்தம் வர வழியில்லை. கோடையில் தண்ணீரும் இல்லை. உல்லாசப் பிரயாணிகள் அவற்றைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

வெண்மையைப் பற்றி ஒரு வார்த்தை தனியே சொல்லவேண்டியிருக்கிறது. தமிழகத்தின் இராஜபாளையம் நாயும் வெள்ளை, நம் சடைநாயும் வெள்ளை. ஆயினும் இரண்டும் ஒரே வெண்மையல்ல. இராஜபாளையத்தின் மூக்கு இளஞ்சிவப்பு. அதன் தோலில் நிறக்கலங்களே பரவாமற் போனதன் விளைவு அவ்வெண்மை. அதே நிறக்கலங்கள் உட்காதின் தொழிலுக்கும் வேண்டியவையாதலால் அவ்வினத்திற் பிறவிச் செவிடு அதிகம் காணப்படுகிறது. சடைநாயின் மூக்கும் கண்ணிமை விளிம்பும் கன்னங்கரியவை; அதன் நிறக்கலங்கள் உரிய இடத்தில் இருந்து, மயிருக்குக் கறுப்பை மட்டும் ஊட்டாது விடுகின்றன. எனவே கேள்விக்குப் பழுதில்லை. குட்டி வாங்கச் செல்பவர் சடையைத் தடவிப் பார்ப்பதன் முன் மூக்கைப் பார்த்தல் நலம். இப்பொழுது நவநாகரிகமாகக் கேட்கப்படும் சாம்பற் புள்ளி நிறத்தைத் தரும் மரபணு இந்நாய்களுக்குள் நுழையுமாயின், புள்ளியும் புள்ளியும் கூடுகின்ற இடத்திற் குருடும் செவிடும் பிறக்கும். வெள்ளை மயிருக்குள் அப்புள்ளி மறைந்து கிடக்கக்கூடும் என்பதனால் அபாயம் இரட்டிப்பாகிறது.

அடுத்த அபாயம் சிறுமை மோகம். தேநீர்க் கோப்பைக்குள் அடங்கும் நாய் என்று விளம்பரப்படுத்தி விற்கப்படும் குட்டிகளோடு நம் பெட்டைகளை இணைத்தால் இரண்டு மூன்று தலைமுறையிற் பன்னிரண்டு இறாத்தல் ஐந்தாகும். அதனோடு, மூச்சுக்குழல் தளர்ந்து வாத்துக் கத்துவது போன்ற இருமல், முழங்காற் சில்லு விலகுதல், வாய்க்குள் நெருங்கிக் கிடக்கும் பற்களின் அழுகல் ஆகிய சீதனங்களும் வந்து சேரும். நாய்க்கு வியர்வை உள்ளங்காலில் மட்டுமே. உடம்பின் சூட்டை அது மூச்சிரைத்தே வெளியேற்றவேண்டும். ஆகவே உஷ்ணப் பிரதேச நாய்க்கு நீண்ட மூஞ்சியும் அகன்ற மூச்சுக்குழலும் ஆபரணங்களல்ல, ஆயுதங்கள். சித்திரை வெயிலுக்கு இரங்கிச் சடையை ஒட்டக் கத்தரித்துவிடும் அன்பர்கள், வெயில் தோலைச் சுடாமல் தடுக்கும் குடையையே களைகிறார்கள். வாரிச் சீவி உள்மயிரை உதிர்த்து விட்டாற் போதும். உண்ணிக் காய்ச்சலைத் தாங்கும் வன்மை ஊர்நாய்களிற் பலவற்றுக்கு உண்டென்பது அனுபவம். அவற்றின் இரத்தத்தில் ஒரு துளியை அளவறிந்து சேர்த்துக்கொள்வது சடைநாய்க்கு இழிவாகாது.

தெருவில் நாதியற்ற நாய்கள் இத்தனை இருக்க, புதிதாக ஓர் இனத்தை வளர்ப்பதற்கு என்ன அவசரம் என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. 2006 முதல் இலங்கையில் தெருநாய்களைக் கொல்லாதிருக்கும் கொள்கை அநுசரிக்கப்பட்டு வருகிறது. விசர்நோய்த் தடுப்பூசியும் கருத்தடையுமே வழி என்றாயிற்று. இயக்கச்சியிலே சிவபூமி அறக்கட்டளையார் நாய்களுக்கென ஒரு சரணாலயத்தையே நடத்துகிறார்கள். வைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டு அவருடைய வாகனத்தைக் கல்லால் எறியும் ஊரில் அது ஒரு பெருங்காரியம். ஆனாலும் சடைக்குட்டிகள் ஏடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிறந்துகொண்டேதான் இருக்கின்றன. விலைபோகாதவை சந்தையடியிலும் கோயில் வீதியிலும் இரவோடிரவாக விடப்படுகின்றன. எவர் வீட்டுக் குட்டி என்று எழுதியிருக்குமாயின் விட்டவரையும் கேட்கலாம். ஏட்டில் இடம்பெறாத நாய்க்குக் கருத்தடை, இடம்பெற்ற பெட்டைக்கும் ஆயுளில் சில ஈற்றுகளே என்ற நியதி தெருவின் பாரத்தைக் குறைக்குமேயன்றிக் கூட்டாது.

ஏடு என்று நான் கருதுவது என்ன? ஒல்லாந்தர் இந்நாட்டை ஆண்டபோது தேசவழமையை 1707இல் எழுத்தில் வடித்ததுபோலவே, காணியையும் காணிக்குரியவரின் குடும்ப வழியையும் தோம்பு என்ற பெருநூல்களிற் பதிந்தனர். போர்த்துக்கேயர் தந்த சொல். பழைய உறுதிகளைப் புரட்டும் நொத்தாரிசுமார் இன்றும் அதை மறக்கவில்லை. தோம்பின் சிறப்பு, உள்ளதை உள்ளபடி எழுதியதிலிருக்கிறது. சடைநாய்க்கும் அத்தகைய தோம்பொன்று போதும். பெயர், பிறந்த திகதி, தாய், தகப்பன், ஒரு வயதில் நிறையும் உயரமும், மூக்கின் நிறம், இருமல் உண்டா, முழங்கால் விலகியதா, அந்நியரைக் கண்டால் என்ன செய்தது, நடுப்பகலில் எவ்வளவு இரைத்தது, எத்தனை குட்டி ஈன்றது, அவற்றுள் எத்தனை பிழைத்தன, எந்த வயதில் எதனால் இறந்தது. ஐந்து ஆண்டுகளிற் பதியப்படும் குட்டிகளுள் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் ஒரே கடுவனுக்குப் பிறத்தல் ஆகாது என்று சர்வதேச நாயினச் சம்மேளனம் சொல்லும் ஆலோசனையை இதில் விதியாகவே கொள்ளலாம். தகப்பன் தெரியாத நாயும் பார்வைக்கும் குணத்துக்கும் தகுமாயின் எக்காலத்திலும் உள்ளே வரத் தோம்பு திறந்திருக்கவேண்டும்.

இந்தியா தன் நாய்களை 2005இல் தபால் முத்திரையில் ஏற்றியது. இராஜபாளையமும் முதோலும் அவற்றுள் இருந்தன. பின்னர் கர்னாலில் உள்ள தேசிய மிருக மரபு வள நிலையம் இராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் முறைப்படி பதிவு செய்தது. பழம்பெரும் வேட்டை நாய்களுக்குக் கிடைத்த அம்மரியாதை, நேற்று வந்த துணைநாய்க்குக் கிடைக்கவில்லை. அந்நியன் என்ற எண்ணமே காரணமாகலாம். யாழ்ப்பாணச் செம்மறிக்கு இனப்பெயர் வழங்கிய நம் நாட்டிலே, அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. பேராதனையில் மிருக வைத்திய பீடம் இருக்கிறது. ஒவ்வொரு பிரதேசத்திலும் மிருக வைத்தியர் இருக்கிறார். தோம்பைத் தொடங்குவதற்கு இவற்றுள் ஒன்றின் அனுமதியும் வேண்டியதில்லை. பெட்டை இரண்டு வயதில் முதல் ஈற்றைக் காணுமென்று வைத்தால், பத்துத் தலைமுறைக்குக் குறைந்தது இருபது ஆண்டுகள் செல்லும். இன்று எழுதத் தொடங்குபவர் அதன் முடிவைப் பார்ப்பார் என்பது நிச்சயமில்லை. கறுத்தக்கொழும்பான் மாவிலாயின் ஒட்டுக்கட்டி, தாய்மரத்தின் கனியையே மறுபடியும் பெற்றுவிடலாம். நாயிடத்தில் அந்தச் சௌகரியம் இல்லை. ஒவ்வொரு ஈற்றும் புதிய விதை.

என் பங்குக்குச் சென்ற தை மாதம் நாற்பது தாள் கொப்பியொன்றை வாங்கிக் கோடு போட்டேன். முதலாம் பக்கம் எங்கள் வீட்டுப் பெட்டைக்கு. நிறை பதின்மூன்றரை இறாத்தல், மூக்கு கறுப்பு, வலதுகாது நுனி சற்று மடிந்தது, பால்காரரைக் குரைக்கும், மீன்காரரைக் குரைக்காது. தாயின் பெயரைக் கொடுத்தவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். தகப்பன் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. அந்த வீட்டின் பின்மதிலில், மழைவெள்ளம் ஓடுவதற்கென்று விட்ட ஒரு துவாரம் உண்டாம்.